வரலாறு கேளுங்க: ராஜாவை விரட்டினவங்க அரசாங்கம் ஆனப்போ

போன இதழ்ல அமெரிக்காவுல பாஸ்டன் துறைமுகத்துல தேயிலைப் பெட்டிகளை உடைச்சுக் கடல்ல கொட்டின கதையை எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதாசுகளைப் பிரிச்சுப் பார்த்தா முக்காவாசிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்திச்சுத்தி கேட்டிருக்கீங்க. பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்து நின்ன அமெரிக்காக்காரங்க தாங்களே அரசாங்கமா உக்காந்ததுக்கு அப்புறம், தங்களை எதிர்த்து நின்னவங்களை என்ன பண்ணாங்க? எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி இது, அதனால இந்த இதழ்ல வேற எதையும் எடுக்கல, மொத்தப் பக்கமும் இதுக்கே.

கேள்வி: கடல்ல கொட்டினது ஈஸ்ட் இந்தியா கம்பெனி தேயிலைன்னு எழுதியிருந்தீங்க. அப்போ அது நம்ம மலையில வெளஞ்சதா சார்? (வால்பாறையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லைங்க, 1773-ல நம்ம மலைகள்ல தேயிலைத் தோட்டமே கிடையாது. அது சீனத் தேயிலை. கம்பெனி கான்டன் துறைமுகத்துல வாங்கி லண்டன் கொண்டுபோய் குடோன்ல அடுக்கி வச்சது, விக்காம மலை மாதிரி குவிஞ்சு போச்சு, கம்பெனியும் கடன்ல கழுத்து வரைக்கும் மூழ்கிடுச்சு, அதைக் காப்பாத்தத்தான் பிரிட்டிஷ் பார்லிமென்ட் நேரா அமெரிக்காவுக்கு அனுப்பி வித்துக்கோன்னு சட்டம் போட்டுச்சு. அந்தச் சட்டத்தால தேயிலை விலை உண்மையில குறைஞ்சுது, பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்னுது. மலிவா கிடைச்சும் வேணாம்னு 342 பெட்டியையும் உடைச்சுக் கொட்டினாங்கன்னா, எங்களைக் கேக்காம எங்க மேல வரி போட நீ யாருங்கற கோபம் அவ்வளவு இருந்திருக்கு. டச்சுத் தேயிலையைத் திருட்டுத்தனமா இறக்கி வித்துக்கிட்டிருந்த வியாபாரிகளுக்குப் பொழப்பு போயிடுமேங்கற பயமும் கூடவே இருந்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல.

நமக்கும் அமெரிக்க விடுதலைப் போருக்கும் நெஜமான தொடர்பு வேற ஒரு ஆள் மூலமா இருக்கு. 1781 அக்டோபர்ல யார்க்டவுன்ல அமெரிக்கத் தளபதி வாஷிங்டன்கிட்ட தன் படையோட சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1786-ல இங்க கவர்னர் ஜெனரலா வந்து இறங்கினாரு. 1792-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவை மடக்கி பாதி நாட்டை எழுதி வாங்கினது அவருதான், திண்டுக்கல்லும் சேலம் கிருஷ்ணகிரி பக்கம் இருக்குற பாராமகாலும் கம்பெனி கைக்குப் போனது அந்த ஒப்பந்தத்துலதான்.

கேள்வி: விடுதலைக்குப் போராடின சிப்பாய்களுக்கு விடுதலைக்கப்புறம் என்ன கிடைச்சுது? (மதுரையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, இதுக்கு டேனியல் ஷேஸ் கதையைச் சொன்னாலே போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரரு, பங்கர் ஹில்லுல சண்டை போட்டவரு, சரட்டோகாவுல சண்டை போட்டவரு, கேப்டன் வரைக்கும் வந்தவரு. பிரெஞ்சு தளபதி லஃபாயெட் இவரோட வீரத்துக்காக ஒரு வாள் பரிசு கொடுத்தாரு. ஊருக்குத் திரும்பின அப்புறம் கடன்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாம அந்த வாளை வித்துட்டாரு. ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க, சம்பளம்னு கைக்கு வந்தது பேப்பர், அந்தப் பேப்பருக்குச் சந்தையில மதிப்பே இல்ல, கஷ்டத்துல சிப்பாய் அந்தக் கடன் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு யாரோ ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டிருப்பான், இப்போ அதே வியாபாரிக்கு முழு மதிப்பும் வட்டியோட கொடுக்கணும்னு பாஸ்டன்ல இருக்குற சட்டசபை வரியை ஏத்துது, அதையும் வெள்ளிக்காசாதான் கட்டணுங்குது, கட்ட முடியாத விவசாயியோட மாடும் நிலமும் ஜப்தி, அதுலயும் அடையலன்னா ஜெயில்.

முதல்ல இவங்க யாரும் துப்பாக்கியைத் தூக்கல. ஊர் ஊரா கூடி மனு எழுதினாங்க, சட்டசபை கண்டுக்கல. அதுக்கப்புறம்தான் 1786 ஆகஸ்ட் 29-ந்தேதி நார்த்தாம்ப்டன் கோர்ட் வாசல்ல ஆயிரக்கணக்குல வந்து நின்னு நீதிபதிகளை உள்ள போகவிடாம தடுத்தாங்க, கோர்ட் கூடலன்னா ஜப்தி உத்தரவு வராது, அறுவடை வரைக்கும் மூச்சு விடலாம், அவ்வளவுதான் கணக்கு. கவர்னர் பௌடின் இறங்கி வரல. அப்போ இருந்த மத்திய காங்கிரசுக்கு, அதாவது நாட்டோட சட்டசபைக்கு, வரி போடவும் அதிகாரம் கிடையாது, படை திரட்டக் காசும் கிடையாது, அதனால பாஸ்டன் பணக்காரங்களே சந்தா போட்டு ஒரு படைக்குச் சம்பளம் கொடுத்தாங்க. 1787 ஜனவரி 25, முழங்கால் அளவு பனி, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி ஷேஸோட ஆளுங்க வரிசையா நடந்து வர்றாங்க, எதிர்ல நிக்கிறதும் பக்கத்து ஊர் ஆளுங்கதான், கூடவே போர்ல நின்னவங்க, நம்ம மேல சுட மாட்டாங்கன்னு நம்பித்தான் வந்தாங்க. பீரங்கி வெடிச்சுது. நாலு பேர் செத்தாங்க, மத்தவங்க சிதறி ஓடினாங்க.

இதுல என்னை ரொம்ப வேதனைப்படுத்துறது சாமுவேல் ஆடம்ஸ். பாஸ்டன்ல ராஜாவுக்கு எதிரா ஜனங்களைக் கிளப்பிவிட்டதுல முதல் ஆளு அவரு. அவரே இப்போ, முடியாட்சியில கலகம் பண்ணினா மன்னிக்கலாம், குடியரசுல சட்டத்தை எதிர்க்கத் துணியுறவன் சாகணும்னு சொன்னாரு. ஓட்டுப் போட்டு மாத்த வழி இருக்கே, அப்புறம் எதுக்குத் துப்பாக்கிங்கறது அவரோட வாதம், அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா மனு எழுதிக் களைச்சுப் போனவன்கிட்ட அதைச் சொல்ற தகுதி ஆடம்ஸுக்கு இருந்துச்சான்னு எனக்கு இன்னைக்கும் தெளியல. பாரிஸ்ல தூதரா இருந்த ஜெஃபர்சன் மட்டும் அப்பப்போ சின்னதா ஒரு கலகம் வர்றது நல்லதுதான்னு தன் அரசியல் நண்பர் மேடிசனுக்குக் கடிதம் எழுதினாரு.

அந்த வருஷமே தேர்தல்ல பௌடின் தோத்துப் போனாரு, புதுசா வந்த ஹான்காக் காலத்துல வரிச்சுமை குறைஞ்சுது, 1788-ல ஷேஸுக்கும் மன்னிப்பு கிடைச்சுது. கடைசியில அவரு நியூயார்க் மாநிலத்துல ஏழையா இருந்து 1825-ல செத்தாரு.

கேள்வி: பத்தாவது திருத்தம், பத்தாவது திருத்தம்னு அமெரிக்காக்காரங்க எதுக்கெடுத்தாலும் சொல்றாங்களே, அதுல அப்படி என்னதான் இருக்கு? (சென்னையிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, ஒரே ஒரு வாக்கியம்தான். அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு ஒப்படைக்காத, மாநிலங்களுக்கும் மறுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ ஜனங்களுக்கோ உரியதுன்னு சொல்லுது.

இது வந்த வழிதான் முக்கியம். ஷேஸ் கலகத்துல பயந்துபோன பெரிய மனுஷங்க 1787 மே மாசம் ஃபிலடெல்ஃபியாவுல கூடினாங்க, பலமான மத்திய அரசு வேணும்னு முடிவு பண்ணி நாலு மாசத்துல சட்டத்தை எழுதி முடிச்சாங்க, அதுல பேச்சுரிமை, மத உரிமை, வாரன்ட் இல்லாம வீட்டைச் சோதனை போடக்கூடாதுங்கறது, இதுக்கெல்லாம் ஒரு பட்டியலே இல்ல. வர்ஜீனியாவுலருந்து வந்த ஜார்ஜ் மேசன் கடைசி வாரத்துல எழுந்து உரிமைப் பட்டியல் ஒண்ணு சேர்ப்போம், சில மணி நேரத்துல எழுதிடலாம்னாரு, ஒரு மாநிலம்கூட ஆதரிக்கல. கையெழுத்துப் போடுறதுக்குப் பதிலா என் வலது கையை வெட்டிக்குவேன்னு அவரு சொன்னாரு, சொன்ன மாதிரியே போடாமத்தான் போனாரு.

அப்புறம் மாநிலம் மாநிலமா ஓட்டெடுப்பு வந்தப்போதான் சட்டத்தை எழுதினவங்களுக்கு விஷயம் புரிஞ்சுது. மாசசூசெட்ஸ்ல 187-க்கு 168, வர்ஜீனியாவுல 89-க்கு 79, நியூயார்க்ல 30-க்கு 27, எல்லாம் மயிரிழைதான். திருத்தம் கொண்டு வர்றோம்னு வாக்கு கொடுத்த பிறகுதான் இந்த அளவுக்காவது ஜெயிக்க முடிஞ்சுது. உரிமைப் பட்டியல் தேவையில்லன்னு முதல்ல சொன்ன மேடிசனே அந்த வாக்கைக் கொடுத்துதான் காங்கிரசுக்குத் தேர்தல்ல ஜெயிச்சாரு, அவரே உக்காந்து எழுதினாரு, 1791 டிசம்பர் 15-ல பத்து திருத்தமும் சட்டமாச்சு. இன்னைக்கு உலகமே பேசுற அந்த உரிமைகள், ஓட்டெடுப்புல தோத்தவங்க விடாம கத்தினதால வந்தது. அந்தத் தோத்தவங்க பேரு பாடப்புத்தகத்துல ஓரமா கிடக்கு, அது எனக்கு வருத்தம்தான்.

நீங்க சட்டம் படிக்கிறதால இன்னொண்ணு. இந்த அரசியல் சட்டத்துக்கு முன்னாடி இருந்த பழைய கூட்டமைப்புச் சாசனத்துல "வெளிப்படையா ஒப்படைக்காத" அதிகாரம்னு இருந்துச்சு. பத்தாவது திருத்தத்துலயும் "வெளிப்படையா"ங்கற வார்த்தையைச் சேர்க்கணும்னு தென் கரோலைனாவோட டக்கர் கேட்டாரு. எல்லாத்தையும் வார்த்தை வார்த்தையா எழுதி ஒரு அரசாங்கத்தை நடத்த முடியாதுன்னு மேடிசன் மறுத்தாரு, வார்த்தை சேரல. 1819-ல மத்திய அரசு பேங்க் நடத்தலாமான்னு மேரிலாண்ட் மாநிலத்தோட வழக்கு வந்தப்போ, தலைமை நீதிபதி மார்ஷல் அந்த வார்த்தை இல்லாததையே கையில எடுத்துக்கிட்டு மத்திய அரசுக்கு சாதகமா தீர்ப்பு எழுதினாரு.

கேள்வி: விஸ்கி கலகம்னு ஒண்ணைப் பத்திப் படிச்சேன். சாராயம் காய்ச்சினவங்களைப் போய் உரிமைப் போராளிங்கறது நியாயமா அண்ணே? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்க கோபம் புரியுதும்மா, சாராயம்னு சொன்னாலே நமக்கு எத்தனையோ குடும்பம் ஞாபகம் வரும். ஆனா அந்த மனுஷங்க இடத்துல கொஞ்சம் நின்னு பார்க்கணும்.

பென்சில்வேனியாவோட மேற்குக் கோடி, இன்னைக்குப் பிட்ஸ்பர்க் இருக்குற பக்கம். கிழக்குல ஃபிலடெல்ஃபியா சந்தைக்குப் போகணும்னா நடுவுல அலிகெனி மலை, 300 மைல், ரோடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. ரை தானியம் நல்லா வெளையும், ஆனா ஒரு பொதிக்குதிரை நாலு புஷல்தான் சுமக்கும், அந்த விலை குதிரைக்குத் தீவனத்துக்கே போயிடும். அதையே செப்பு அண்டாவுல காய்ச்சி விஸ்கியாக்கி ரெண்டு பீப்பாயில கட்டினா 24 புஷல் தானியத்தோட மதிப்பை அதே குதிரை சுமந்துட்டுப் போகும். காசே புழங்காத ஊர், கூலிக்கு விஸ்கி, உப்புக்கும் இரும்புக்கும் பண்டமாத்து விஸ்கி. இப்போ நிதித்துறைச் செயலாளர் ஹாமில்டன், போர்க்கடனை அடைக்கிறதுக்காக 1791 மார்ச்ல இந்த விஸ்கி மேல கலால் வரி போடுறாரு, அதையும் காசாத்தான் கட்டணும். கிழக்குல பெரிய அளவுல காய்ச்சுற முதலாளிக்கு அண்டா அளவை வச்சு மொத்தமா ஒரு தொகை கட்டிட்டு நாள்பூரா காய்ச்சினா கேலனுக்குக் கொஞ்சம்தான் விழும். வருஷத்துல சில வாரம் மட்டும் காய்ச்சுற சம்சாரிக்குத்தான் முழு அடி. கட்டலன்னா கேஸ் எங்க நடக்கும்? ஃபிலடெல்ஃபியாவுல. அறுவடையை விட்டுட்டு 300 மைல் மலை ஏறி இறங்கி கோர்ட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள, கேஸ்ல ஜெயிச்சாலும் நிலம் போயிடும். அவங்க கேட்ட ஒரு முக்கியமான கோரிக்கையே எங்க ஊர் கோர்ட்ல விசாரிங்கங்கறதுதான், இதைத்தானே ராஜாகிட்டயும் கேட்டாங்க.

ஆனா அவங்க பண்ணினது எல்லாத்தையும் என்னால ஆதரிக்க முடியாது. 1791 செப்டம்பர்ல ராபர்ட் ஜான்சன்ங்கற வரி வசூலிக்கிறவரை, பொம்பளை வேஷம் போட்டு வந்த ஒரு கும்பல் பிஜன் கிரீக்குங்கற ஓடைக்கிட்ட மடக்கி, துணியை உருவி, தலைமுடியை வெட்டி, கீலைப் பூசி இறகை ஒட்டி விரட்டிவிட்டுது. அதுக்கு வாரன்ட் வந்துச்சு. வாரன்ட்டைக் கொடுக்க வேண்டிய அதிகாரி பயந்துக்கிட்டு ஜான் கானர்ங்கற ஒரு கிழவர்கிட்ட, மாடு ஓட்டிப் பொழைக்கிறவர், அவருகிட்ட கொடுத்து அனுப்பிட்டாரு. அந்தக் கிழவரையும் பிடிச்சாங்க, சாட்டையால அடிச்சாங்க, கீல் பூசினாங்க, குதிரையையும் காசையும் பிடுங்கிக்கிட்டாங்க, கண்ணைக் கட்டி காட்டுக்குள்ள மரத்துல கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க, அஞ்சு மணி நேரம் அப்படியே கிடந்தாரு. ஹாமில்டன் மேல உள்ள கோபத்தை ஒரு மாட்டுக்காரக் கிழவர் முதுகுல காட்டினது தப்பு, எந்த நியாயமும் அதைக் கழுவாது.

1794-ல முத்திப்போச்சு. உள்ளூர் கோர்ட்லயே விசாரிக்கலாம்னு அந்த ஜூன் மாசம்தான் காங்கிரஸ் சட்டத்தை மாத்தியிருந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே எடுத்த பழைய சம்மனைத் தூக்கிக்கிட்டு ஜூலை 15-ல சம்மன் கொடுக்கிற மத்திய அதிகாரி லெனாக்ஸ் வந்து வில்லியம் மில்லர் வயல்ல நிக்கிறாரு, கூட வழிகாட்டியா அந்த ஊர்ப் பணக்காரர் ஜான் நெவில். இந்த நெவில் முன்னாடி மாநிலக் கலால் வரியை எதிர்த்தவரு, இப்போ மத்திய அரசு சம்பளத்துக்கு வரி இன்ஸ்பெக்டர், ஜனங்களுக்கு ஆத்திரம் வராம என்ன பண்ணும்? மறுநாள் காலையில அவரு வீட்டைச் சுத்தி வளைச்சாங்க, உள்ளருந்து சுட்டதுல ஒருத்தர் செத்தாரு. அதுக்கடுத்த நாள் ஐந்நூறு அறுநூறு பேர் போனாங்க, தலைமை தாங்கின மேஜர் மெக்ஃபார்லேன், அவரும் விடுதலைப் போர் வீரர்தான், வீட்டுல வெள்ளைக்கொடி தெரிஞ்ச மாதிரி இருந்து சுடாதீங்கன்னு வெளிய வந்தவரு குண்டடிபட்டுச் செத்தாரு. வீடு எரிஞ்சு சாம்பலாச்சு.

ஜனாதிபதி வாஷிங்டன் நாலு மாநிலத்துலருந்து கிட்டத்தட்ட 13,000 பேர் மிலிஷியாவை, அதாவது மாநிலக் குடிமக்கள் படையை, திரட்டினாரு, ராஜாவை விரட்டுறதுக்குத் தன்கிட்ட பல சமயம் இருந்த படையைவிட இது பெருசு. அவரே குதிரை ஏறி பெட்ஃபோர்டு வரைக்கும் போனாரு. எதிர்க்க ஒரு ஆளும் இல்ல, முக்கியமானவங்க எல்லாம் காட்டுக்குள்ள போயிட்டாங்க. நவம்பர் 13 ராத்திரி வீடு வீடா புகுந்து நூத்தம்பது பேர் அளவுக்குப் படுக்கையிலருந்து இழுத்துட்டுப் போனாங்க, செருப்பு போடக்கூட விடாம குளிர்ல ஓட்டிட்டுப் போனதா அப்போ இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க மேல எந்தக் குத்தமும் நிக்கல. கடைசியில ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தேசத்துரோகத் தண்டனை, அவங்களையும் வாஷிங்டன் மன்னிச்சு விட்டாரு, அதுக்கு அவரைப் பாராட்டணும்.

வரி என்னாச்சு? 1802-ல எடுத்துட்டாங்க. அப்போ நிதித்துறைச் செயலாளர் யாருன்னு பாருங்க, ஆல்பர்ட் காலட்டின், பத்து வருஷத்துக்கு முன்னாடி பிட்ஸ்பர்க்ல இந்த வரிக்கு எதிரா நடந்த கூட்டத்துல தீர்மானத்துக்குச் செயலாளரா கையெழுத்துப் போட்டவரு.

கேள்வி: பேச்சு சுதந்திரம் அமெரிக்காவுல ஆரம்பத்துலருந்தே இருந்துச்சா? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: எழுத்துல இருந்துச்சும்மா. பேச்சுரிமை கொடுத்த முதல் திருத்தம் வந்து ஏழு வருஷம்கூட ஆகல, 1798 ஜூலை 14-ல ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் (முன்னாடி சொன்ன சாமுவேல் ஆடம்ஸ் இல்ல, வேற ஆளு) அரசாங்கம் ராஜதுரோகச் சட்டம் கொண்டு வந்துச்சு. ஃபிரான்ஸோட போர் வரும்னு பயம், அந்தப் பயத்தைச் சாக்கா வச்சு அரசாங்கத்தையோ காங்கிரஸையோ ஜனாதிபதியையோ கெட்ட எண்ணத்தோட பொய்யாத் திட்டி எழுதினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 2000 டாலர் வரைக்கும் அபராதம். துணை ஜனாதிபதியை மட்டும் எவ்வளவு வேணா திட்டலாம், சட்டத்துல அவரு பேரே இல்ல, ஏன்னா அப்போ துணை ஜனாதிபதி எதிர்க்கட்சிக்காரர் ஜெஃபர்சன். இந்த ஒண்ணே போதும் அது யாரைக் காப்பாத்த வந்த சட்டம்னு தெரிய. சட்டத்தோட ஆயுசும் ஆடம்ஸ் பதவி முடியுறதுக்கு முந்தின நாள் வரைக்கும்தான்.

முதல்ல மாட்டினவரு வெர்மான்ட் மாநில எம்.பி. மேத்யூ லயன். அயர்லாந்துலருந்து பதினஞ்சு வயசு வாக்குல ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறி வந்த ஆளு. ஜனாதிபதிக்கு ஆடம்பரத்துலயும் முகஸ்துதியிலயும்தான் ஆசைன்னு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாரு, எழுதினது சட்டம் வர்றதுக்கு முன்னாடி, அச்சுல வந்தது சட்டம் வந்ததுக்கப்புறம், அதுக்கு நாலு மாசம் ஜெயில், 1000 டாலர் அபராதம். அவரு ஊர்ப்பக்கம் ஜெயில் இருந்தும் 40 மைலுக்கு அப்பால வெர்ஜென்ஸுங்கற இடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த அறையைப் பத்தி அவரே எழுதியிருக்காரு, 16 அடி நீளம், 12 அடி அகலம், மூலையில கக்கூஸ், அந்த நாத்தம் ஆகஸ்ட் மாசத்து ஃபிலடெல்ஃபியா துறைமுகம் மாதிரின்னு. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வந்தது அக்டோபர், வெர்மான்ட் குளிர் நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, கணப்பு இல்லாம மேல்கோட்டை மாட்டிக்கிட்டு அறைக்குள்ளயே அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தாரு. அங்க உக்காந்துக்கிட்டே தேர்தல்ல நின்னாரு, ஜெயில்ல இருந்தபடியே பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 1799 பிப்ரவரியில வெளிய வந்து நேரா காங்கிரசுக்குப் போனாரு.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, ஜனாதிபதி தேர்தல்ல ஜெஃபர்சனுக்கும் அவரு கட்சிக்காரரான பர்ருக்கும் சமமா ஓட்டு விழுந்து, யாரு ஜனாதிபதின்னு முடிவு பண்ற வேலை பிரதிநிதிகள் சபைக்கு வந்துச்சு, 35 தடவை ஓட்டெடுத்தும் இழுபறி. 36-வது தடவை வெர்மான்ட்டோட இன்னொரு எம்.பி. ஒதுங்கிக்கிட்டாரு, அந்த மாநிலத்து ஓட்டை ஜெஃபர்சனுக்குப் போட்டது லயன். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில்லாத ஜன்னல்தான் என் கண்ணு முன்னாடி வரும்.

சாதாரண ஆளும் தப்பல. நியூ ஜெர்சியில நெவார்க் ஊருக்குள்ள ஜனாதிபதி ஆடம்ஸ் வந்தப்போ பீரங்கி முழக்கினாங்க, அப்போ லூதர் பால்ட்வின்னு ஒருத்தர் போதையில, அந்தக் குண்டு அவரு பின்பக்கத்துல பட்டாலும் எனக்குக் கவலையில்லன்னு சொல்லிட்டாரு. அதுக்குக் கேஸு, அபராதம், கட்டுற வரைக்கும் ஜெயில்.

இதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, விஸ்கி கலகத்துக்கப்புறம் வாஷிங்டன், அரசாங்கத்தை விமர்சிச்ச குடிமக்கள் கூடி நடத்தின ஜனநாயக சங்கங்களைக் கண்டிச்சப்போ, மேடிசன் சபையில எழுந்து, கண்டிக்கிற அதிகாரம் அரசாங்கத்து மேல ஜனங்களுக்குத்தான் இருக்கு, ஜனங்க மேல அரசாங்கத்துக்குக் கிடையாதுன்னு சொன்னாரு. அதை யாராவது கேட்டிருக்கலாம்.

கேள்வி: மத்திய அரசு சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாதுன்னு சொல்ல முடியுமா? மாநில உரிமைங்கறதே அடிமைமுறையைக் காப்பாத்த வந்த பேச்சுதான்னு என் நண்பர் சொல்றாரு. (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சொல்லிப் பார்த்தாங்க. அந்த ராஜதுரோகச் சட்டத்தை எதிர்த்து 1798-ல கென்டக்கி சட்டசபையும் வர்ஜீனியா சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு. கென்டக்கிக்கு எழுதிக் கொடுத்தது ஜெஃபர்சன், வர்ஜீனியாவுக்கு மேடிசன், ரெண்டு பேரும் பேரை வெளிய விடல, விட்டிருந்தா அவங்களையும் உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க. மத்த மாநிலம் ஒண்ணும் கூட வரல. அந்தச் சட்டத்தோட ஆயுசை மேல நீட்டவிடாம முடிச்சு வச்சது 1800 தேர்தல்தான்.

முப்பது வருஷம் கழிச்சு இதே ஆயுதத்தைத் தென் கரோலைனா எடுத்துச்சு. இறக்குமதி வரி எங்களை நசுக்குதுன்னு சொல்லி 1832 நவம்பர்ல இந்தச் சட்டம் எங்க எல்லைக்குள்ள செல்லாதுன்னு அறிவிச்சாங்க, பின்னாடி இருந்தவரு அந்த மாநிலத்துத் தலைவர் கால்ஹூன். ஜனாதிபதி ஜாக்சன் படையை அனுப்புவேன்னு சட்டமே போட்டாரு, இன்னொரு பக்கம் செனட்டர் கிளே வரியைப் படிப்படியா குறைக்க வழி பண்ணாரு, தென் கரோலைனா இறங்கி வந்துச்சு. வரியைத் தாண்டி, நாளைக்கு மத்திய அரசு அடிமைமுறையில கை வச்சா என்ன பண்றதுங்கற பயம் அவங்களுக்குள்ள இருந்துச்சு, கால்ஹூனே கடிதத்துல அதை ஒத்துக்கிட்டிருக்காரு. வயசான மேடிசன் நான் எழுதினதுக்கு இது அர்த்தமே இல்லன்னு கடைசி வரைக்கும் மன்றாடினாரு. அந்த வகையில உங்க நண்பர் சொல்றது சரி.

ஆனா பாதிதான் சரி. 1850-ல தப்பியோடின அடிமையைப் பிடிச்சுக் கொடுக்கணும்னு கடுமையான மத்தியச் சட்டம் வந்துச்சு, பிடிபட்டவனுக்கு ஜூரி விசாரணை கிடையாது, தனக்காக சாட்சி சொல்லக்கூட முடியாது. 1854 மார்ச்ல விஸ்கான்சின்ல ஜோஷுவா க்ளோவர்ங்கறவரைப் பிடிச்சு மில்வாக்கி ஜெயில்ல போட்டாங்க, ஊர் ஜனம் திரண்டு வந்து ஒரு உத்திரக் கட்டையால கதவை இடிச்சு அவரைக் கூட்டிட்டுப் போயிடுச்சு, அவரு கனடா போய்ச் சேந்தாரு. கூட்டத்தைக் கூட்டின பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் மேல கேஸ், மாநில சுப்ரீம் கோர்ட் அந்த மத்தியச் சட்டமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 1859-ல நாட்டோட சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிச்சு, உடனே விஸ்கான்சின் சட்டசபை பழைய கென்டக்கி தீர்மானத்தோட வார்த்தையையே எடுத்துப் போட்டு எதிர்த் தீர்மானம் நிறைவேத்துச்சு. அடுத்த வருஷம் தென் கரோலைனா நாட்டை விட்டுப் பிரியும்போது சொன்ன காரணத்துல முக்கியமானது என்ன தெரியுமா? வடக்கு மாநிலங்கள் அந்த மத்தியச் சட்டத்துக்கு அடங்க மறுக்குதுன்னுதான். மாநில உரிமைன்னு யாராவது சொன்னா, எந்த மாநிலம்னு பார்க்குறதுக்கு முன்னாடி, அதால யாருக்கு நிழல் கிடைக்குதுன்னு நான் பார்ப்பேன்.

கேள்வி: வாஷிங்டன் மேல உங்களுக்கு மரியாதை இருக்கா இல்லையா? (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நிறைய இருக்கு. ரெண்டு தடவை பதவியில இருந்துட்டு வேணாம்னு வீட்டுக்குப் போனவரு, அப்போ உலகத்துல அப்படிப் போனவங்க ரொம்ப அபூர்வம். ஆனா அவரு வீட்டுலருந்து போன இன்னொரு ஆளைப் பத்தியும் நான் சொல்லணும்.

ஓனா ஜட்ஜ், மார்த்தா வாஷிங்டனுக்குத் துணி தைக்கிற, அலங்காரம் பண்ணிவிடுற அடிமைப்பெண். அப்போ தலைநகர் ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி வெளி மாநிலத்துக்காரரோட அடிமை அங்க ஆறு மாசம் தொடர்ந்து இருந்துட்டா விடுதலை கேக்கலாம், காங்கிரஸ் உறுப்பினருக்கு விலக்கு உண்டு, ஜனாதிபதிக்குக் கிடையாது. நாட்டோட தலைவரையே ஒரு மாநிலச் சட்டம் கட்டுப்படுத்துது பாருங்க. அவரு என்ன பண்ணாருன்னா ஆறு மாசம் ஆகுறதுக்குள்ள ஏதோ ஒரு காரணம் சொல்லி தன் வீட்டு அடிமைகளை எல்லைக்கு வெளிய அனுப்பித் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு, அது அவங்களுக்கும் தெரியக்கூடாது ஊருக்கும் தெரியக்கூடாதுன்னு செயலாளருக்குக் கடிதமே எழுதினாரு.

1796 மே மாசம் அந்தக் குடும்பம் வர்ஜீனியா போறதுக்கு மூட்டை கட்டிக்கிட்டிருந்துச்சு, ஓனாவும் தன் மூட்டையைக் கட்டினா, எங்க போறோம்னு அவளுக்கே தெரியாது. எஜமானியோட பேத்திக்கு அவளைச் சீதனமா கொடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்துச்சு. அவங்க சாப்பாட்டுல உக்காந்திருந்த நேரத்துல வாசல் வழியா நடந்து வெளிய போயிட்டா. கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர்ல போர்ட்ஸ்மவுத் போய் இறங்கினா. அந்தக் கப்பல் கேப்டன் பேரை அவரு சாகுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, அவருக்குத் தண்டனை வந்துடக்கூடாதுன்னு.

தப்பியோடின அடிமையைப் பிடிக்க 1793-ல தானே கையெழுத்துப் போட்ட சட்டப்படி வாஷிங்டன் நீதிபதி முன்னாடி போகல. நிதித்துறைச் செயலாளர் மூலமா போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி விப்பிளுக்கு ஆள்பிடிக்கிற வேலையைக் கொடுத்தாரு, அரசாங்க உத்தியோகஸ்தரை வச்சு சொந்த வீட்டு வேலை. விப்பிள் ஓனாவைப் பார்த்துப் பேசிட்டு, கட்டாயப்படுத்திக் கப்பல் ஏத்தினா ஊர் ஜனம் திரண்டுடும்னு பதில் எழுதிட்டாரு. 1799-ல மறுபடியும் ஒரு சொந்தக்காரரை அனுப்பினாரு, சேதி முன்னாடியே தெரிஞ்சு அவ பக்கத்து ஊருக்குப் போயிட்டா.

கல்யாணம் பண்ணினா, புருஷன் கப்பல்ல வேலை பார்த்தவன், சீக்கிரமே போயிட்டான், பெத்த பிள்ளைகளும் அவளுக்கு முன்னாடியே போயிட்டாங்க, கூலி வேலை, கடைசி காலத்துல ஊர் தர்மத்துல சாப்பாடு. சட்டப்படி சாகுற வரைக்கும் அவ அடிமைதான், யாரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கல. 1840-கள்ல பத்திரிகைக்காரங்க தேடி வந்து, ஜனாதிபதி வீட்டுல இருந்ததைவிட இங்க கஷ்டமாத்தானே இருந்திருக்கும், வந்ததுக்கு வருத்தப்படுறீங்களான்னு கேட்டாங்க. இல்ல, நான் சுதந்திரமா இருக்கேன்னு சொன்னா.